ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டனார் வீட்டுப் பரணில் ஒன்று தூசி படிந்து கிடந்தாலும் கிடக்கும். அதன் திருகைத் திருப்பியதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்களின் இழைகள் சூடேறிச் சிவக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு பாட்டுக்கு முன்னால் வேறோர் ஓசை வரும். 'உம்ம்ம்' என்று, பூவைச் சுற்றும் கருவண்டு போல, ஏற்ற இறக்கமின்றி ஒரே சுருதியில் அது ஒலிக்கும். இதை நாம் ரீங்காரம் என்போம். ரேடியோ மெக்கானிக்குகள் 'ஹம்' என்பார்கள்.

வானொலியிலும் திருவிழா மைக் செட்டிலும் வால்வின் காலம் முடிந்துவிட்டது. பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கு ஜெர்மானியம் குறைகடத்திகளும் வரத் தொடங்கின. டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வு மெல்ல மறைந்தது. ஆனால் மின்கிதார் வாசிப்பவர்கள் மட்டும் வால்வைக் கைவிடவில்லை. அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டும்போது வால்வு அலையின் முகடுகளை வெடுக்கென்று வெட்டாமல் மழுக்கி விடுகிறது. அதனால் பிறக்கும் ஒலி அவர்கள் காதுக்கு இனிக்கிறது. எனவே ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. அவற்றை வாங்கித் தாங்களே பெருக்கி கட்டிக்கொள்ளும் இளைஞர்கள் உலகெங்கும் உண்டு. கட்டி முடித்து மின்சாரம் கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது கிதாரின் நாதத்தை அன்று, இந்த ரீங்காரத்தைத்தான்!

'எர்த் சரியில்லை, அதனால்தான் ஹம் வருகிறது' என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் எர்த் கம்பியில் கை வைத்தவர்கள் சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள். ஆகவே, ரீங்காரம் எவ்வழியே வருகிறது, எர்த் என்பது எதற்காக என்ற இரண்டையும் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியே இதற்குப் பெரும்பாலும் போதும்.

நாம் ஒரு சிறிய வால்வு பெருக்கியைக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். அதைக் கொல்லிமலையில் உள்ள வளப்பூர் நாட்டுக்கு எடுத்துச் சென்றதாகவும் வைத்துக்கொள்வோம். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும் பகுதி அது. ஆடிப்பெருக்குக்குப் பெருங்கூட்டம் கூடும் இடம். ஏன் அங்கே போக வேண்டும்? அந்த மலை கடும்பாறையால் ஆனது. எர்த் என்பது என்ன, என்ன அன்று என்பதைப் பாறை நமக்கு நன்றாகவே கற்றுத்தரும். முதலில் பெருக்கியைப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கிதாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இவ்வழுத்தம் மிகச் சிறியது. நம் கணக்குக்கு 100 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம்.

இச்சிற்றழுத்தம் முதல் வால்வுக்குப் போகிறது. 'இசிசி 83' என்பது இவ்வேலைக்குப் பெயர் பெற்ற வால்வு. அமெரிக்காவில் இதையே '12ஏஎக்ஸ்7' என்பார்கள். அதன் ஒரு பாதி மட்டுமே உள்ளே வரும் அழுத்தத்தை 60 மடங்கு அளவுக்குப் பெருக்க வல்லது. அடுத்து வரும் ஆற்றல் வால்வு, வெளியீட்டு மின்மாற்றி வழியாக ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கிறது. இவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருவது ஒரு மின்மாற்றி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, வால்வின் இழைகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட். மற்றொன்று, 300 வோல்ட் அளவிலான உயர் அழுத்தம். இந்த உயர் அழுத்தத்தைத் திருத்தி நேர்திசை மின்சாரமாக்கி வால்வுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் வால்வின் வாயிலில் ஒரே ஒரு மில்லிவோல்ட் ரீங்காரம் நுழைந்தாலும் அது 60 மில்லிவோல்ட்டாகி அடுத்த படிக்குப் போகும். இசைக்கும் இரைச்சலுக்கும் வால்வு வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆகவே தடுக்க வேண்டிய இடம் வாயில்தான்.

காதே கருவி

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுதிசை மின்சாரம். அது நேரடியாக ஒலிக்குள் கலந்தால் 50 ஹெர்ட்ஸ் ஓசை கேட்கும். ஆனால் முழு அலைத் திருத்தி, அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகிறது. எனவே வினாடிக்கு 50 மேடு, 50 பள்ளம் என்பது 100 மேடுகளாகி விடுகிறது. திருத்தியைக் கடந்து வரும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். ஒன்றைவிட மற்றது சரியாக ஒரு ஸ்தாயி மேலே!

இதைப் பிரித்தறிய அலைநோக்கி வேண்டியதில்லை, கிதாரே போதும். அதன் ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். மூன்றாவது கட்டையில் அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். பெருக்கியின் ரீங்காரம் இந்தச் சுரத்தோடு ஏறக்குறைய இழைந்தால் அது 100 ஹெர்ட்ஸ். திருத்தியின் பக்கம் தேடலாம். கிதாரில் எட்டவே எட்டாத அடிச்சுரமாக, ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ். இழைக் கம்பியையோ வெளியிலிருந்து வரும் தூண்டலையோ ஐயுற வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இவ்விரு ஓசைகளும் 60, 120 என்றாகும். அந்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்கு வாயில்கள்

ரீங்காரம் பெருக்கிக்குள் வரும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, வால்வின் இழை. 'இசிசி 83' வால்வின் இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் மாறுதிசை மின்சாரம் ஓடுகிறது. அந்தக் கம்பியைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இருக்கும். அது வாயில் கம்பியின் அருகே போனால் ஓசை ஒட்டிக்கொள்ளும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதே மருந்து. இரண்டிலும் ஒரே மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் புலங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. அத்துடன் 100 ஓம் மின்தடைகள் இரண்டை எடுத்து, இழைக் கம்பி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தகட்டுக்கு இணைப்பார்கள். அப்போது ஒரு கம்பி 3.15 வோல்ட் மேலேறும் நேரத்தில் மற்றது அதே அளவு கீழிறங்கும். தராசுத் தட்டுகள் போல் இரண்டும் ஈடாகிவிடும்.

இரண்டாவது, வடிகட்டி. திருத்தியிலிருந்து மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வருகிறது. கடைகளில் கண்டென்சர் என்று கேட்டு வாங்கும் மின்தேக்கி, மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வழங்குகிறது. மழையில் நிரம்பிக் கோடையில் பாசனத்துக்கு நீர் விடும் ஏரி போன்றது அது. ஏரி சிறியதானால் நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருக்கி எடுத்துக்கொள்வது 0.05 ஆம்பியர், இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள காலம் வினாடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் வெளியேறும் மின்னூட்டம் 0.0005 கூலூம். மின்தேக்கி 16 மைக்ரோஃபாரட் என்றால், மின்னூட்டத்தைத் தேக்குதிறனால் வகுக்க 31 வோல்ட் வருகிறது. உண்மையில் ஏற்ற இறக்கம் இதைவிடச் சற்றுக் குறையும், ஆயினும் சிறிதன்று.

முதல் வால்வுக்கு இது ஆகாது. ஆகவே 10,000 ஓம் மின்தடையும் இன்னொரு 16 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்த ஒரு படியை நடுவில் வைக்கிறார்கள். 100 ஹெர்ட்ஸ் ஊசலுக்கு அந்த மின்தேக்கி வெறும் 100 ஓம் தடைபோல் நடந்துகொள்கிறது. 10,000க்கு 100 என்பது நூறில் ஒரு பங்கு. எனவே இப்படியைக் கடந்தால் ஏற்ற இறக்கமும் நூறில் ஒரு பங்காகிவிடும். மின்னாற்பகு மின்தேக்கிகளுக்கு ஆயுள் உண்டு. உள்ளிருக்கும் ஈரம் ஆண்டுகள் போகப்போக உலர்ந்து தேக்குதிறன் குறைந்துவிடும். பழைய பெட்டியில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நாளுக்கு நாள் கூடினால் முதல் ஐயம் இதன்மேல்தான். அதற்காக எவ்வளவு பெரிய மின்தேக்கியையும் போட்டுவிடலாம் என்று எண்ணக்கூடாது. ஒரே மூச்சில் அதை நிரப்பும் மின்னோட்டத்தைத் திருத்தி வால்வு தாங்காது.

மூன்றாவது, காற்றுவழி. தொடாமலே மின்சாரம் வந்துவிடுமா? வரும். மின்கம்பிக்கும் வாயில் கம்பிக்கும் இடையே காற்று இருக்கிறது. இரு கடத்திகளும் நடுவே காற்றும் சேர்ந்தால் அதுவே ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. அதன் தேக்குதிறன் ஒரு பிக்கோஃபாரட் என்று கொள்வோம். ஒரு ஃபாரட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 320 கோடி ஓம். 230 வோல்ட்டை இதனால் வகுத்தால் ஒரு ஆம்பியரில் 140 இலட்சத்தில் ஒரு பங்கே ஓடும். அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். பெருக்கியின் வாயிலில் இருப்பது 10 இலட்சம் ஓம் மின்தடை. அதன் வழியே இது ஓடும்போது எழும் அழுத்தம் 72 மில்லிவோல்ட். கிதாரின் ஒலிக்கே சவால் விடும் அளவு இது. கிதாரைச் செருகியதும் அதன் சுருள் 10,000 ஓம் அளவில் குறுக்கே வந்துவிடுவதால் இது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெறுங்கம்பியைச் செருகித் தொங்கவிட்டால் பெருக்கி அலறுவதும், கிதாரை மாட்டியதும் அடங்குவதும் இதனால்தான். மேலே பின்னல் உறை போட்ட கம்பியும், உலோகப் பெட்டியும் இந்த வழியை அடைக்கும்.

காந்தப்புலம் வேறு வகை. அது செம்புப் பின்னலைக் கண்டு நிற்பதில்லை. கிதாரின் சுருள், மின்மாற்றியின் அருகே வந்தால் தானும் அதன் ஒரு துணைச் சுருள்போல் நடந்துகொள்ளும். கிதாரைக் கையில் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் ரீங்காரம் ஏறி, வேறொரு திசையில் அடங்கினால் காந்தப்புலமே காரணம். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த சேத் லவர் 1955இல் இதற்கு ஓர் அழகிய வழி கண்டார். அருகருகே இரண்டு சுருள்கள். ஒன்றன் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு நேர்மாறு. கம்பியின் அதிர்வு இரண்டிலும் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. பெட்டிக்குள்ளும் இவ்விதி உண்டு. மின்மாற்றியையும் வெளியீட்டு மின்மாற்றியையும் தள்ளி வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிப் பொருத்த வேண்டும்.

நான்காவது வாயில்தான் பலரை ஏமாற்றுவது. அது பொதுக் கம்பி.

பொதுக் கம்பியில் பூச்சியம் இல்லை

பெருக்கியின் இரும்புத் தகட்டையே எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு வழியாகப் பயன்படுத்துவது எளிது. படத்தில் அதற்குப் பூச்சியம் வோல்ட் என்று குறி போட்டிருப்பார்கள். படத்தில் பூச்சியம், தகட்டில் அன்று. எந்தக் கடத்திக்கும் ஓரளவு தடை உண்டு. அதில் மின்னோட்டம் பாய்ந்தால் இரு முனைகளுக்கும் இடையே அழுத்தம் எழுந்தே தீரும். ஓம் விதிக்கு விலக்கில்லை.

முதல் மின்தேக்கி நிரம்பும்போது மின்சாரம் சிறு துடிப்புகளாகப் பாய்கிறது. அத்துடிப்பின் உச்சம் 0.3 ஆம்பியர் என்று கொள்வோம். அது ஓடும் தகட்டுப் பகுதியும் திருகாணியும் சேர்ந்து 0.01 ஓம் என்றால், எழும் அழுத்தம் 3 மில்லிவோல்ட். முதல் வால்வும் தன் திரும்பு கம்பியை அதே வழியில் இணைத்திருந்தால் இந்த 3 மில்லிவோல்ட் கிதாரின் 100 மில்லிவோல்ட்டோடு சேர்ந்து உள்ளே போகும். கம்பியின் அதிர்வு அடங்கிய பிறகும் இது அடங்காது. கொல்லிமலையில் பனியும் மூடுபனியும் அதிகம். ஈரத்தில் திருகாணி துருப்பிடித்து அந்த 0.01 ஓம் 0.1 ஓம் ஆனால், ரீங்காரமும் பத்து மடங்காகி 30 மில்லிவோல்ட் ஆகும். நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டி இன்று உறுமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே வாய்க்காலில் இருவர் பங்கு என்றால், ஒருவர் மடை திறக்கும்போதெல்லாம் மற்றவர் வயலில் நீர்மட்டம் ஆடும். ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டி மூலத்தில் மட்டும் சேர்த்தால் ஆட்டம் நிற்கும். பெருக்கியிலும் அப்படியே. ஒவ்வொரு படியின் திரும்பு கம்பியையும் தனித்தனியே கொண்டுவந்து ஒரே புள்ளியில் பற்றவைக்க வேண்டும். விண்மீனின் கதிர்கள்போல் எல்லாம் ஒரு மையத்தில் கூடும். மின்மாற்றியும் முதல் மின்தேக்கியும் தங்களுக்குள் தனியே இணைந்துகொண்டு, அங்கிருந்து ஒரு கம்பி மட்டும் மையத்துக்கு வரவேண்டும். துடிப்பு மின்சாரம் தன் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வால்வின் வாயிலுக்கு வராது.

வரிசையாகத் தேடுவோம்

நோய் முதல் நாடுவதில் அவசரம் கூடாது. பெட்டியைத் திறக்காமலே பாதித் தொலைவு போகலாம்.

முதலில் கிதாரைக் கழற்றி, இரு முனைகளையும் உள்ளேயே இணைத்த ஒரு வெற்றுச் செருகியை வாயிலில் போடுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டதா? குற்றம் கிதாரிலோ அதன் கம்பியிலோ உள்ளது. நிற்கவில்லையா? ஒலியளவுத் திருகைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது நின்றால் குற்றம் திருகுக்கு முன்னால், முதல் வால்வின் பக்கம். இப்போதும் நிற்காவிட்டால் திருகுக்குப் பின்னால். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திச் செருகியையும் பிடுங்கிவிட்டு, ஆறியபின் முதல் வால்வைக் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்துக் கேட்க வேண்டும். அப்போதும் ரீங்காரம் மாறாமல் இருந்தால் ஆற்றல் வால்வும் மின்வழங்கியுமே மிச்சம். ஒவ்வொரு படியிலும் அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று கிதாரின் சுரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சோதனையும் ஒரு சுரமும் சேர்ந்தால் நான்கு வாயில்களில் எது திறந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வால்வு பெருக்கியின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வால்வைக் கழற்றுவதையும் மூடியைத் திறப்பதையும் இதில் தேர்ந்த பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். மின்தேக்கியின் மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பூச்சியம் காட்டிய பிறகே அவர்கூட உள்ளே கை வைப்பார்.

எர்த் எதற்கு?

இதுவரை சொன்னவற்றில் மண்ணுக்குப் போகும் எர்த் கம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பொதுக் கம்பி வேறு, மண்ணெர்த் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வானொலிக்கு எர்த் இல்லை; ஆகாய விமானத்திலிருந்து மண்ணுக்குக் கம்பி தொங்கவில்லை. அங்கெல்லாம் ஒலிக்கருவிகள் ரீங்காரமின்றி வேலை செய்கின்றன. ரீங்காரத்தை உறிஞ்சிக் குடிக்கும் பள்ளம் அன்று எர்த். அது உயிர்காக்க வந்தது.

மூன்று முள் செருகியில் ஒன்று மட்டும் தடித்து நீண்டிருக்கும். அதுதான் எர்த் முள். பெட்டிக்குள் மின்கம்பியின் உறை தேய்ந்து இரும்புத் தகட்டைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். தகடு கிதாரின் கம்பிகளோடு இணைந்தது. வாசிப்பவரின் விரல்கள் கம்பிமேல். எர்த் சரியாக இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் உருகிவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் விரலில் காத்திருக்கும். அவர் மறு கையாலோ உதட்டாலோ எர்த் உள்ள மைக்கைத் தொட்டால் வட்டம் முழுமையாகும். ஈரமான உடலின் தடை 1,000 ஓம் என்றால் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். இதில் பாதிகூட இதயத்தை நிறுத்தப் போதும்.

இது வெறுங்கற்பனை அன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் மேடையில் இருந்தபோது, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ஆகவே ரீங்காரத்தை நிறுத்த எர்த் முள்ளை ஒடிப்பதும், மூன்று முள் செருகியை இரண்டு முள் பலகையில் திணிப்பதும் ஒருபோதும் கூடாது.

வளப்பூர் நாட்டுப் பாறையில்

இப்போது மலைக்கு வருவோம். கொல்லிமலை சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. சில இடங்களில் மண் ஆழமாக இருக்கும்; சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே பாறை தட்டும்.

தரையில் அறைந்த இரண்டரை மீட்டர் நீளமுள்ள எர்த் கம்பியின் தடையை ஓம் கணக்கில் காண எளிய வழி ஒன்று உண்டு. அந்நிலத்தின் தன்தடையை 0.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய விடை வரும். சமவெளியின் ஈரக் களிமண்ணுக்குத் தன்தடை 30 ஓம் மீட்டர் என்றால் எர்த்தின் தடை 12 ஓம். உலர்ந்த, பாறை கலந்த மலைநிலத்துக்குத் தன்தடை 1,000 ஓம் மீட்டரையும் தாண்டலாம். 1,000 என்றே கொண்டாலும் எர்த்தின் தடை 400 ஓம்!

இந்த எர்த்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? மின்கம்பி தகட்டைத் தொட்டால் ஓடும் மின்னோட்டம் 230ஐ 400ஆல் வகுக்க, 0.6 ஆம்பியருக்கும் குறைவு. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் இதை ஒரு பொருட்டாக மதிக்காது, உருகாது. தகட்டிலோ 230 வோல்ட் ஏறத்தாழ அப்படியே நிற்கும். எர்த் கம்பி இருக்கிறது, காவல் இல்லை! குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அது எதற்கென்று இப்போது விளங்குகிறதல்லவா? மண்ணின் தன்தடையைக் குறைக்கத்தான். ஆனால் உப்பு மழையில் கரைந்துபோகும்; கோடையில் குழி காயும்.

இங்கே கைகொடுப்பது கசிவு மின் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாது எடை போட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கில் குறைந்தாலே, வேறு வழியில் கசிகிறது என்று கண்டுகொண்டு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். மேலே கண்ட கசிவு 575 மில்லி ஆம்பியர். துண்டிப்பானுக்கு இது தாராளம். மலைநிலத்தில் எர்த்தும் வேண்டும், இத்துண்டிப்பானும் வேண்டும்.

இரண்டு எர்த் கைகோக்கும்போது

அப்படியானால் மண்ணெர்த்துக்கும் ரீங்காரத்துக்கும் தொடர்பே இல்லையா? ஒரு நிலையில் உண்டு. 'பாதி உண்மை' என்று சொன்னது அதைத்தான்.

திருவிழா மேடையில் நம் பெருக்கியைப் பக்கத்து வீட்டு மின்பலகையில் செருகியிருக்கிறோம். அதற்கு அந்த வீட்டின் எர்த் குழி. மைக் செட்டோ ஜெனரேட்டரில் ஓடுகிறது. அதற்கு வேறோர் எர்த் கம்பி. கிதாரின் ஒலியை மைக் செட்டுக்கும் தர இரண்டையும் ஒரு பின்னல் கம்பியால் இணைக்கிறோம். வீட்டில் ஒரு பழைய மோட்டார் 10 மில்லி ஆம்பியரை மண்ணுக்குக் கசியவிடுகிறது. துண்டிப்பான் எழும் அளவுக்கு இது வராது. ஆனால் 400 ஓம் எர்த்தில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், அந்த எர்த் 4 வோல்ட் உயர்ந்து நிற்கும். மற்ற எர்த் அவ்வாறு உயரவில்லை. இவ்விரண்டையும் நம் பின்னல் கம்பி பாலம்போல் இணைப்பதால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அதன் வழியே புறப்படுகிறது. ஒலி செல்லும் கம்பியிலேயே இரைச்சலும் பயணம்! ஈரக் களிமண்ணில் இதே கசிவு எர்த்தை உயர்த்துவது 0.12 வோல்ட் மட்டுமே. பாறைநிலத்தில் ரீங்காரம் மிகுவது இவ்வழியேதான்.

பெட்டிக்குள் கண்ட பொதுக் கம்பிக் கதையே இங்கு ஊரளவில் நடக்கிறது. மருந்தும் அதுவே: எல்லாம் ஒரே இடத்தில் கூட வேண்டும். பெருக்கியையும் மைக் செட்டையும் ஒரே மின்பலகையில், ஒரே எர்த்தில் இணைத்துவிட்டால் இரு எர்த்களுக்கு இடையிலான வேற்றுமை மறைந்துவிடும். அது முடியாத இடத்தில், ஒலிக் கம்பியின் நடுவே ஒன்றுக்கொன்று சமச் சுற்றுகள் கொண்ட சிறிய ஒலி மின்மாற்றியை வைக்கலாம். இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாததால் எர்த்தின் மின்னோட்டம் கடக்க வழியில்லை. இசை மட்டும் காந்தப்புலத்தின் வழியே கடந்துவிடும். பாலத்தை உடைக்க வேண்டுமானால் ஒலிக் கம்பியில் உடைக்க வேண்டும். உயிர்காக்கும் எர்த்தில் அன்று.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டு அல்லது பள்ளி ஒலிக்கருவி அடுத்த முறை 'உம்' என்றால், அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று காது கொடுத்துக் கேளுங்கள். யாருடைய மின்னோட்டம் யாருடைய கம்பியில் ஓடுகிறது என்று ஒரு தாளில் படம் போட்டுப் பாருங்கள். செருகியின் மூன்றாவது முள் ஒடிந்திருந்தால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அன்றே சொல்லி மாற்றச் செய்யுங்கள். ரீங்காரம் பொறுக்கும், இது பொறுக்காது.